பதித்ததா, ஒட்டியதா?

கேள்வி: ஆறு வயதான ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறோம். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளத் தேவையான பத்தாண்டு உரிமம்) இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. ஜிபிஎஸ் வழிகாட்டியோடு ஒரு திரையை டேஷ்போர்டில் பதித்துத் தர 1,200 வெள்ளி ஆகும் என்கிறார்கள் பட்டறையில். கண்ணாடியில் ஒட்டும் சின்ன ஜிபிஎஸ் கருவி போதும் என்கிறார் கணவர். கைப்பேசி இருக்கும்போது இரண்டும் எதற்கு என்கிறான் மகன். நான்தான் அதிகம் ஓட்டுகிறேன்: தினமும் பொங்கோலிலிருந்து மரினா பேக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு. எதை வாங்கலாம்?
வாசகி, பொங்கோல்

பதில்: பட்டறைக்காரர் சொல்லும் பதித்த திரைக்கு ஒரு நன்மை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தினமும் போகும் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலை 12 கிலோமீட்டர். அதில் 9 கிலோமீட்டர் சுரங்கம். அப்புறம் வரும் மரினா கோஸ்டல் விரைவுச்சாலையிலும் பெரும்பகுதி சுரங்கம்தான். ஒரு துண்டு கடலுக்கு அடியிலேயே போகிறது. துணைக்கோளின் சமிக்ஞை அங்கே எட்டாது.

டாக்சி ஓட்டிய காலத்தில் என்னிடம் ஒட்டும் கருவிதான் இருந்தது. மரினா கோஸ்டல் திறந்த புதிதில், மரினா பேயில் ஒரு ஹோட்டலுக்குப் போகவேண்டிய பெரியவர் ஒருவர் ஏறினார். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கருவி வாயை மூடிக்கொண்டது. பிரியும் வழியைத் தவறவிட்டேன். அதற்குப் பேச்சு வந்தபோது நாங்கள் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் இருந்தோம். மீட்டரை அங்கேயே நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவாயில்லை அங்கிள்" என்றார், என்னைவிட இருபது வயது மூத்தவர்!

தொழிற்சாலையிலேயே பதித்துவரும் வழிகாட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. சக்கரம் எவ்வளவு ஓடியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று தானே கணக்குப் போட்டு, வானம் தெரியாத இடத்திலும் புள்ளியை நகர்த்திக்கொண்டே இருக்கும். பட்டறையில் பதிப்பது அப்படி வேலை செய்யவேண்டுமென்றால் காரின் வேகத்தைச் சொல்லும் ஒயரைத் திரையோடு இணைக்கவேண்டும். பல இடங்களில் அந்த ஒயரைச் சுருட்டி உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். "ஸ்பீட் ஒயரை இணைப்பீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் இழுபறியாக வந்தால் அந்த 1,200 வெள்ளியில் சுரங்கம் சேர்த்தி இல்லை.

சரி, இணைத்தே தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் போகிற வழி, இரண்டு வாரத்தில் உங்கள் கைக்கே பழகிவிடும். அதற்கா இவ்வளவு செலவு?

இன்னொன்று, வரைபடத்துக்கும் வயதாகும். என் இப்போதைய காரில் கம்பெனியிலிருந்தே பதித்து வந்த வழிகாட்டி இருக்கிறது. சுரங்கத்தில் பிசகாது. ஆனால் அதன் வரைபடம் 2016-ஆம் ஆண்டுடையது. தெங்கா என்ற புதுப் பேட்டையில் தங்கை மகளின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனபோது, வெளியே அடுக்குமாடி புளோக்குகள், திரையிலோ சுற்றிலும் பச்சை, நடுக்காட்டில் என் கார். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அப்படி ஓர் இடமே இல்லை என்றது. புதுப்பிக்க எவ்வளவு என்று விசாரித்தேன். அந்தக் காசுக்கு உங்கள் கணவர் சொல்லும் கருவி ஒன்றையே வாங்கிவிடலாம். நான்கு ஆண்டில் சிஓஇ முடிந்து காரைக் கொடுக்கும்போது, பதித்த திரையும் அதோடு போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆகவே என் ஓட்டு மகனுக்கு. ஆனால் கைப்பேசியை முன்கண்ணாடியில் ஒட்டவேண்டாம். மதிய வெயிலில் ஈப்போவரை 550 கிலோமீட்டர் போனால் சூடேறி மங்கிவிடும், சார்ஜும் ஏறாது. ஏர்கான் காற்று வரும் இடத்தில் மாட்டும் தாங்கி வாங்குங்கள், குளிர்ச்சியாக இருக்கும். கையில் மட்டும் பிடிக்கவே பிடிக்காதீர்கள். 2015 பிப்ரவரி முதல் சட்டம் கடுமையாகிவிட்டது: முதல் முறைக்கே 1,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். பாலம் தாண்டுமுன் வீட்டு வைஃபையிலேயே மலேசிய வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா கைவிட்டாலும் வழி கைவிடாது.

கணவர் கோபித்துக்கொள்ளவேண்டாம். ஒட்டும் கருவி மோசமில்லை; வரைபடம் அதற்குள்ளேயே இருக்கும், நடுவில் அழைப்பு வந்து குறுக்கிடாது. மாதம் இருமுறை மலேசியா போகிறவர் என்றால் வாங்கச் சொல்லியிருப்பேன். அப்போதும், உங்கள் கார்க் கண்ணாடியில் உலோகம் கலந்த வெயில் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அது சமிக்ஞையை மறைக்கும்.

திரை வாங்க ஒரே ஒரு நல்ல காரணம்தான் எனக்குத் தெரியும். ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த பழைய ரேடியோப் பெட்டி காரில் அப்படியே இருந்தால், வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ்வரைதான் பிடிக்கும். நம் தமிழ் வானொலி, ஒலி 96.8, வராது! என் முதல் சொந்தக் காரில் மூன்று மாதம் ஒலி இல்லாமல் ஓட்டியவன் நான். உங்கள் காரிலும் அந்தக் கதி என்றால் மாற்றிவிடுங்கள். ஆனால் வழிகாட்டி இல்லாத, கைப்பேசியைத் திரையோடு இணைக்கும் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் உள்ள சாதாரணத் திரையாகக் கேளுங்கள். கைப்பேசியின் வரைபடமே பெரிதாகத் தெரியும்.

கேள்வி: சாலைக் கட்டணம் கழிக்கும் புது ஈஆர்பி கருவியோடு ஒரு திரை தருகிறார்களே, அது வழி காட்டாதா?
வாசகர், ஈசூன்

பதில்: காட்டாது. கட்டணம் எவ்வளவு, முன்னால் பள்ளி வட்டாரமா என்பது போன்ற விவரங்களைச் சொல்லும்; நீங்கள் தேடிப்போகும் வீட்டுக்குக் கூட்டிப்போகாது. கார்க்காரர்கள் அந்தத் திரை வேண்டாமென்றும் சொல்லலாம், விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். என் டேஷ்போர்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளையார், ஒரு கைப்பேசித் தாங்கி, பேத்தி ஒட்டிய மூன்று டைனோசர்கள். இடமில்லை.