வீங்கிய கைக்கு ரோபோ கையுறை வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு வயது 57. லாரி ஓட்டினார். ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது நடக்கிறார், வலது கை மட்டும் மடங்கியே இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் கை வராவிட்டால் நரம்பு செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். பயந்துபோய் மகன் இணையத்தில் 450 வெள்ளிக்கு, காற்றால் விரல்களை மடக்கி நீட்டும் ரோபோ கையுறை வாங்கிக் கொடுத்தான். தினமும் இரண்டு மணி நேரம் போடுகிறோம். மூன்று வாரமாகப் புறங்கை வீங்கி மினுமினுக்கிறது, தொட்டால் கத்துகிறார். சுடுநீர் ஒத்தடமும் பார்மசியில் வாங்கிய வலி மாத்திரையும் கொடுக்கிறேன். கொட்டாவி விட்டால் கை தானாக மேலே போகிறது. இன்னும் விலை கூடிய கருவி வாங்கலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கருவியைப் பிறகு பார்ப்போம் அம்மா. இன்றைக்கே அந்தக் கையுறையைக் கழற்றி வையுங்கள்.

கை வீங்கி மினுமினுக்கிறது, தொட்டால் கத்துகிறார் என்று நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் முக்கியம். ஸ்ட்ரோக்கில் செயலிழந்த கையில், முதல் சில மாதங்களுக்குள் தோள்-கை வலி நோய் என்று ஒன்று வருவதுண்டு. புறங்கை வீங்கும், தோல் பளபளக்கும், நிறம் மாறும், லேசாகத் தொட்டாலே உயிர் போகும். கவனிக்காமல் விட்டால் விரல் மூட்டுகள் இறுகிவிடும். பிறகு மூளை தேறி, விரலை நீட்டு என்று சொன்னாலும் மூட்டு இடம் கொடுக்காது. நான் பயப்படுவது இதற்குத்தான், வீடியோக்காரர் சொன்ன ஆறு மாதத்துக்கு அல்ல.

இன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் அவருடைய இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கை விரல்களின் கணுவில் இருக்கும் சுருக்கங்கள் காணாமல் போயிருக்கின்றனவா? சூடு, நிறம், வியர்வை வித்தியாசப்படுகின்றனவா? தோளைத் தூக்கினால் முகம் சுளிக்கிறாரா? ஆம் என்றால் அடுத்த அப்பாயின்மென்ட் தேதிவரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள். ஆம் என்று தோன்றாவிட்டாலும் மூன்று வார வீக்கத்தைக் காட்டத்தான் வேண்டும். கௌட் என்ற யூரிக் அமில மூட்டுவலி, கிருமித்தொற்று, ரத்தக்கட்டி, உணர்ச்சி குறைந்ததால் தெரியாமல் போன எலும்பு முறிவு, எல்லாமே இப்படி வீங்கும். எது என்று டாக்டர்தான் கையைப் பார்த்துப் பிரிக்க முடியும். காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த வலி மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக் போன்றதாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்ட்ரோக்குக்காக, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவருக்கு அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ரத்த அழுத்தத்தை ஏற்றும், இன்னொரு ஸ்ட்ரோக்குக்கும் வழிவிடும். கடையில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் ஆகிவிடாது என்று எத்தனை குடும்பங்களிடம் சொல்லியிருப்பேன்! சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது.

இன்னொன்று: அவரை எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கிறீர்களா? பல வீடுகளில் கேடு அங்கேதான் தொடங்குகிறது. தசைகள் தாங்கிப் பிடிக்காத தோள் மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது. இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். உட்காரும்போது கை தொங்காமல் தலையணைமேல் இருக்கட்டும். உருவி விடுகிறேன் என்று வருகிறவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கொட்டாவிக்குக் கை எழுவது ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் நாங்கள் பார்ப்பதுதான். வலிப்பு அல்ல. விட்டுவிடுங்கள்.

இனி அந்த ஆறு மாதம். அடிபட்டது மூளையில், கை நரம்பு சாகவில்லை. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் கதவு சாத்தப்படுவதில்லை. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கையைக் கையுறையால் கட்டிப்போட்டு, பலவீனமான கையால் இரண்டு வாரம் வேலை செய்யவைத்தார்கள். கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நீட்ட முடிந்தவர்களுக்கே அந்தப் பயிற்சி. உங்கள் கணவரால் முடியுமா என்பதை பிசியோவோ, அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரோ பார்த்துச் சொல்வார்.

ரோபோ கையுறையின் குறை என்னவென்றால், அதில் அவராக முயல வேண்டியதில்லை. அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்க, காற்று விரலை மடக்கி நீட்டினால் மூளைக்கு வேலையே இல்லை. வலி அடங்கிய பிறகு, சிகிச்சையாளர் அனுமதித்தால், அவர் கையைப் பார்த்துக்கொண்டே தானும் நீட்ட முயலும்போது மட்டும் போடுங்கள். இறுகிய விரலை அது வலிந்து இழுக்கக் கூடாது. ரப்பர் பந்து அழுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்வேன். ஏற்கெனவே மடங்கும் கைக்கு மடக்கும் பயிற்சி எதற்கு? இறுக்கம் அதிகமென்றால் போடாக்ஸ் ஊசி உண்டு, சுமார் மூன்று மாதம் தசையைத் தளர்த்தும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால்தான் அதற்குப் பலன்.

செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் கரண்டிப் பிடியில் மாட்டத் தடித்த ஸ்பாஞ்சுக் குழாய், தட்டு வழுக்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, விளிம்பு உயர்ந்த தட்டு, பொத்தான் மாட்டும் கொக்கி வாங்குங்கள். சோற்றைத் தானே அள்ளிச் சாப்பிடும் அன்று அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

லாரி ஓட்டியவர் என்கிறீர்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் சந்தா இருக்கும். மறுவாழ்வுச் சிகிச்சையையும் இயலாமை ஓய்வூதியத்தையும் பற்றி அங்கே கேளுங்கள். அறுபது வயதுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மலாக்காவில் சொக்சோவுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது கையுறையையும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீக்கம் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.