கிராமத்தை எடுத்துவிட்டால் – கடிதம்

அன்புள்ள அக்கா,

அடுத்த மே விடுமுறையில் மனைவி, மகனுடன் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, விக்டோரியா அருவி என்று பன்னிரண்டு நாள் பயணம் போட்டிருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் மூன்று இரவு, போட்ஸ்வானாவின் சோபே பூங்காவில் இரண்டு. நடுவில் ‘பண்பாட்டு கிராமம்’ என்று அரை நாள். நடனமும் சாப்பாடும் உண்டாம். மே மாதம் சரிதானா? சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தையும் பார்த்துவிட முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? கிராமத்தை எடுத்துவிட்டு இன்னொரு சஃபாரி போட்டுக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மே நல்ல மாதம்தான். மழை நின்று புல் காயத் தொடங்கியிருக்கும். இன்னும் இரண்டு மாதம் போனால் விலங்குகள் தண்ணீரைத் தேடிக் கூடும், ஆனால் பையனுக்குப் பள்ளி திறந்துவிடுமே. அருவியில் அப்போது தண்ணீர் அதிகம், சாரலில் நனைந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். விடியற்காலையில் திறந்த வண்டியில் நல்ல குளிர் இருக்கும், ஸ்வெட்டர் அவசியம். மலேரியாவுக்குக் கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த ஐந்து விலங்குப் பட்டியல் துப்பாக்கியோடு போனவர்கள் போட்டது. நடந்து போய்ச் சுடுவதற்கு எவை ஆபத்தானவை என்ற கணக்கு அது. பையனோடு போகிற உங்களுக்கு எதற்கு? விட்டுவிடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். கிராமத்தை எடுத்துவிட்டு சஃபாரி. எஸ்., க்ரூகரே அப்படி எடுத்து எடுத்து உண்டானதுதான்.

பூங்காவின் வட கோடியில் லிம்போபோவும் லுவுவு ஆறும் சேரும் இடம் பாஃபுரி. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் மக்குலேக்கே மக்கள். 1969-இல் நிறவெறி அரசு துப்பாக்கி முனையில் அவர்களை வெளியேற்றியது. அவரவர் வீட்டுக்கு அவரவர் கையாலேயே தீ வைக்கச் சொன்னார்கள். நிறவெறி ஆட்சி போன பிறகு வழக்காடி, 1998-இல் சுமார் 24,000 ஹெக்டேரைத் திரும்ப வாங்கினார்கள். வாங்கியவர்கள் அதைக் காடாகவே விட்டார்கள். பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் அங்கே நடந்திருக்கிறேன், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரோடு. காய்ச்சல் மரங்கள் என்று சொல்லும் அகேசியா காடு. அடிமரம் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி பூசியது போல இருக்கும். எல்லோரும் நியாலா மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து காய்ந்த புல்லை விலக்கினார். ஓர் அரைக்கல். நடுவில் கை போய்ப் போய்த் தேய்ந்த பள்ளம், அதில் ஒரு வாய் மண். “இங்கே வீடு இருந்தது” என்றார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் உடனே, “சிங்கம் எப்போது வரும்?” என்று கேட்டார். வழிகாட்டி முகம் மாறாமல் பதில் சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் குரல்தான் கேட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, நீங்கள் அந்த ஆள் இல்லை என்று தெரியும். யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். பாஃபுரிக்கு மேற்கே, அதே லிம்போபோ கரையில் மாப்புங்குப்வே குன்று இருக்கிறது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் அரசு இருந்தது. மரத்தில் உருவம் செதுக்கி, மேலே மெல்லிய தங்கத் தகட்டைச் சிறு ஆணிகளால் அறைந்து, உள்ளங்கையில் அடங்கும் காண்டாமிருகம் ஒன்றைச் செய்து அரச கல்லறையில் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து கடல் வழியாகப் போன கண்ணாடி மணிகளும் அந்தக் குன்றில் கிடைத்தன. 1930-களில் இதையெல்லாம் தோண்டி எடுத்த பிறகும், வெள்ளையர் வந்தபோது அந்த நிலம் காலியாகக் கிடந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார்கள். காலி நிலம் என்று சொன்னால்தானே ஆட்களை அப்புறப்படுத்துவது சுலபம்? போட்ஸ்வானாவிலும் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்திலிருந்து, அங்கே காலங்காலமாக வாழ்ந்த சான் பழங்குடி மக்களை வெளியேற்றினார்கள். 2006-இல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது.

நடனம் ஆடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் உங்கள் ஏஜென்ட் காட்டுக்கு ஒரு கட்டணம், ஜனங்களுக்கு ஒரு கட்டணம் என்று பிரித்து விற்கிறாரே, அதை நீங்கள் வாங்க வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது இது. க்ரூகர் தெற்கு வடக்காகச் சுமார் 350 கிலோமீட்டர். தார்ச் சாலையிலேயே 50-க்கு மேல் ஓட்டக்கூடாது. மூன்று இரவில் இரண்டு முனையும் ஆகாது. மூன்றையும் வடக்கில் போடுங்கள். புண்டா மரியா முகாமில் தங்கி, துலமேலா குன்றின் பழைய கல்மதில்களுக்கு வழிகாட்டியோடு போய்வாருங்கள். அங்கே சிங்கம் குறைவு என்பார் ஏஜென்ட். குறைவுதான், இருந்தாலும் போங்கள்.

பையனுக்கு வயது என்ன? எழுதவே இல்லையே. காட்டில் நடக்கப் பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும். அதை முதலில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா