வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரை: தினமும் போடலாமா?

கேள்வி: வயது 54, எடை 82 கிலோ. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வைட்டமின் டி 28 என்று வந்ததால், வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு 50,000 யூனிட் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் கோப்பி-ஓவோடு (பால் சேர்க்காத காப்பி) போடுகிறேன். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் 41தான். தினமும் ஒன்று போட்டால் சீக்கிரம் ஏறுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்கள் எடுக்கக்கூடிய உச்ச அளவு நாளைக்கு 4,000 யூனிட். நீங்கள் கேட்பது அதைப்போல் 12 மடங்குக்கு மேல். வைட்டமின் டி கொழுப்பில் தங்குவது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடும்.

41 மோசமில்லை, ஏறத்தான் செய்கிறது. மாத்திரையில் உள்ள டி3 குடலிலிருந்து ரத்தத்துக்கும், பிறகு கல்லீரலுக்கும் போய் 25-ஹைட்ராக்ஸி டி ஆகிறது. ஆய்வகம் அளப்பது இதைத்தான். சிறுநீரகம் இதைத் தேவைக்கேற்பக் கால்சிட்ரியாலாக மாற்றும். வேலை செய்வது அதுதான். ஆனால் அது சில மணி நேரமே நிற்கும். குறைபாடு இருந்தாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் அதன் அளவைச் சரியாக வைத்திருக்கும் என்பதால், அதை அளந்து பயனில்லை. 25-ஹைட்ராக்ஸி டி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அளவு நிலைபெற மூன்று மாதம் வேண்டும். நாலாவது வாரப் பரிசோதனை அவசரம்.

இன்னொன்று, இங்கே எண் லிட்டருக்கு நானோமோலில் வரும். இலக்கு 50க்கு மேல். இந்தியாவில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு நானோகிராம். 41ஐ 2.5ஆல் வகுத்தால் அங்கே 16. உறவினர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

மாற்ற வேண்டியது கோப்பி-ஓவைத்தான். அதில் கொழுப்பே கிடையாது. முட்டை, மீன் குழம்பு, தேங்காய்ப்பால் சேர்ந்த மதியச் சாப்பாட்டோடு போடுங்கள். கொழுப்போடு எடுத்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உறிஞ்சப்படும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம், அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்புக்கு ஃபெனிடாயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் வைட்டமின் டி சீக்கிரம் சிதையும். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுத்தால் கால்சியம் கூடலாம். சிறுநீரகக் கல் வந்திருந்தாலும் முன்னரே சொல்லிவிடுங்கள். கார் கண்ணாடி வழியாகப் படும் வெயில் கணக்கில் சேராது. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

எட்டு வாரமும் முடியுங்கள். தொடங்கிய நாளிலிருந்து மூன்றாம் மாதம் பரிசோதித்து, நாளைக்கு 1,000 யூனிட் போதுமா என்று கேளுங்கள். இடையில் தீராத தாகம், மலச்சிக்கல், வாந்தி வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே ரத்தத்தில் கால்சியம் அளவைப் பரிசோதியுங்கள்.