கடையில் நின்று யோசிக்காமல் சாமான் வாங்க…
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எவ்வளவு கவனமாக லிஸ்ட் எழுதினாலும் வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இருப்பதையே மறுபடி வாங்கியும் வந்துவிடுகிறோம். ஞாபக மறதிதான் காரணமா?

பதில்: மறதி இல்லை. கிளம்புகிற அவசரத்தில் உட்கார்ந்து எழுதுவதுதான் காரணம். அந்த நேரத்தில் காலியான டப்பா கண்ணில் படும், காலியாகப்போகிற டப்பா படாது. லிஸ்ட் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கு முதலில் உங்கள் வீட்டின் செலவு தெரிய வேண்டும். ஒரு மாதத்துக்கு, எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் பேனாவால் அதன் மேலேயே தேதியைக் குறித்துவிடுங்கள். தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 3 லிட்டர் எண்ணெய் 30 நாள் வந்தால் ஒரு நாளைக்கு 100 மில்லி. வாரம் ஒருமுறை கடைக்குப் போகிற வீடு என்றால் 7 நாள் கணக்கு. அந்த வாரம் போக முடியாமல் தள்ளிப்போனால் சமாளிக்க இன்னும் 3 நாள். ஆக 10 நாளுக்கு 1 லிட்டர். கையிருப்பு 1 லிட்டருக்கு இறங்கிய அன்றே எண்ணெய் லிஸ்டில் ஏறிவிட வேண்டும். தினம் அரை கிலோ அரிசி போகிற வீட்டில் இதே கணக்கில் 5 கிலோ.

இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 5 கிலோ அரிசியை அளந்து டப்பாவில் போட்டு, அது நிற்கிற மட்டத்தில் வெளியே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். உள்ளே தெரியாத டப்பா என்றால் உட்பக்கம் கோடு. அரிசி டேப்புக்குக் கீழே போனதை யார் பார்த்தாலும் அவரே எழுத வேண்டும். எழுதும் தாளும் பென்சிலும் சமையலறையிலேயே தொங்கட்டும்.

உப்பு, தீப்பெட்டி, பற்பசை மாதிரி மெதுவாகத் தீர்கிறவற்றுக்கு இந்த அளவுகூட வேண்டாம். ஒன்று உபயோகத்தில், ஒன்று பின்னால் என்று வைத்துக்கொண்டால் போதும். பின்னால் இருப்பதைப் பிரிக்கும்போதே லிஸ்டில் எழுதிவிடுங்கள். எல்லாச் சாமானுக்கும் டேப் ஒட்டப் போனால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். தினமும் கை போகிற 10, 12 சாமான்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: என் கணவர் கடைக்குப் போனால் அங்கிருந்து ஐந்தாறு தடவை போன் வரும். அப்படியும் தப்பான சாமான்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: ‘சோப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் குளிக்கிற சோப்பா, துணி சோப்பா, பாத்திரம் கழுவுவதா என்று அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் இருக்கட்டும்: பெயர், பாக்கெட்டின் அளவு, எத்தனை, கிடைக்காவிட்டால் என்ன. ‘துணி சோப்புத்தூள், 1 கிலோ, ஒன்று, இல்லையென்றால் அரை கிலோ இரண்டு.’ சிலவற்றுக்கு ‘இல்லையென்றால் வேண்டாம்’ என்று எழுதுவதும் பதில்தான். போன் வருவது பெரும்பாலும் இந்த நான்காவது விஷயத்துக்காகத்தான். பிராண்ட் முக்கியம் என்றால் பழைய பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடையில் எது முதலில் வருகிறதோ அந்த வரிசையிலேயே லிஸ்டும் இருந்தால், ஒரே பகுதிக்கு மூன்று தடவை திரும்பி வரும் அலைச்சல் குறையும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நீங்கள் எழுதாமல் விட்டதை அவர் ஊகித்து வாங்கி வந்தால், வீட்டில் அதற்கு விசாரணை வைக்காதீர்கள். அடுத்த தடவை பயந்துகொண்டு பத்து போன் வரும்.

கேள்வி: 5 வயதுக் குழந்தையோடு போனால் பில் போடும் இடத்தில் அழுகை, ஆர்ப்பாட்டம். தவிர்க்க முடியுமா?

பதில்: பசியோடும் தூக்க நேரத்திலும் அழைத்துப் போகாதீர்கள், பாதி அழுகை அதனால்தான். கடைக்குள் நுழையும் முன்பே ‘இன்றைக்கு நீ ஒரு பொருள் எடுத்துக்கலாம்’ அல்லது ‘இன்றைக்கு எதுவும் இல்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்ளே ஒரு வேலை கொடுங்கள்: ஆறு தக்காளி எண்ணிப் போடட்டும். மிட்டாய் அடுக்கியிருக்கும் வரிசையில் நிற்கும்போது, தள்ளுவண்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கச் சொன்னால் கை சும்மா இருக்காது. இல்லை என்று சொன்னதை அழுத பிறகு வாங்கிக் கொடுத்தால், அடுத்த முறை இன்னும் நீளமாக அழும். தள்ளுவண்டிக்குள் நிற்க மட்டும் விடவே விடாதீர்கள். தலைகுப்புற விழுகிற ஆபத்து இருக்கிறது.

கேள்வி: பெரிய பாக்கெட் எப்போதும் லாபமா?

பதில்: 500 கிராமுக்குப் பதில் 800 கிராம் எடுத்தால் எடை 1.6 மடங்கு. விலை 1.6 மடங்குக்குக் கீழே இருந்தால்தான் லாபம். பிறகு, நீங்கள் குறித்து வைத்த நாள் கணக்கைப் பாருங்கள். கெடுவதற்குள் தீராது என்றால் சின்னதே போதும். மாவு மொத்தமாக வாங்கினால் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வைத்தெடுத்தால் உள்ளே இருக்கும் வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக் கட்டி பிடிக்கும்.

கேள்வி: வாங்கிய கீரை மூன்றே நாளில் அழுகுகிறது, பால் சீக்கிரம் கெடுகிறது. பிரிட்ஜில்தானே வைக்கிறோம்?

பதில்: பிரிட்ஜுக்குப் போகும் முன்பே பாதி கெட்டிருக்கலாம். கடையில் பாலை முதலில் எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சுற்றுகிறோம். கனமான, கெடாத சாமான் முதலில், காய்கறி அடுத்து, பால், இறைச்சி, உறையவைத்தவை கடைசியில் என்று எடுங்கள். இறைச்சிக்குத் தனிப் பை. அதன் நீர் காய்கறியில் சொட்டக் கூடாது. குளிரில் இருக்க வேண்டியவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். பிரிட்ஜின் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலைக் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடு படுகிற இடம் அது.

கீரையைக் கழுவி வைப்பதுதான் தப்பு. அழுகல் இலையைக் கிள்ளிவிட்டு, ஈரம் போக உலர்த்தி, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். கழுவுவது சமைக்கும்போது. ஆப்பிளும் பழுத்த வாழையும் வெளிவிடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். இரண்டுக்கும் தனித்தனி இடம். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்க 5 நிமிஷம் போதும், பையைப் பிரிக்கும்போதே செய்துவிடுங்கள்.