பஞ்சு போல அமுங்கும் பிரேக்: வாசகர் கேள்விகள்

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டியாகிறது. பிரேக் பேட் (உரசி நிறுத்தும் கட்டை) மாற்றினால் சரியாகுமா?

பாவம், பேட் மேல் பழி வேண்டாம். பெரும்பாலும் பிரேக் ஆயில் ஓடும் லைனில் காற்று இருக்கும். பிரேக் ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். உங்கள் மிதி அதிலேயே வீணாகிறது. ஏர் எடுத்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால், பெடல் கெட்டியாகும். ஆனால் காற்று எந்த வழியாகப் புகுந்தது என்று பார்க்காமல் விட்டால் திரும்பவும் வரும். போன மாதம் ஷெட்டுக்கு வந்த ஒரு காரில், இரண்டு முறை ஏர் எடுத்தும் இதே புகார். வெளியே சொட்டு ஈரம் இல்லை. பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினால், அதன் உள்ளே உரசும் லைனிங் கறுத்துப் பிசுபிசுத்தது. லைனிங்கை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினேன், ஆயில் வழிந்தது. ஊறிய லைனிங்கைத் துடைத்துப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல இறங்குகிறது. ஆயில் குறையவில்லை.

பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். இன்ஜினை அணைத்து, நான்கைந்து முறை மிதித்துவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யும்போது லேசாக இறங்குவது கோளாறு அல்ல. உங்கள் மிதிக்கு பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பெடல் தளர்ந்தது. அடிவாரத்தில் ஆறியதும் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள், ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் கட்டியிருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஆயிலை முழுக்க மாற்றுங்கள், அடுத்த முறை இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

டாட் 5 ஊற்றினால் இன்னும் நல்லதா?

வேண்டவே வேண்டாம். அது சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. வண்டியின் பிரேக் ஆயில் தொட்டி மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து அல்ல.