பயணத்துக்கு முன் பேச்சுப் பிரெஞ்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இன்னும் ஆறு வாரங்களில் பிரான்ஸ் செல்கிறேன். பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒலிப்பாடங்களை மட்டும் கேட்டு, கடையிலும் ரயில் நிலையத்திலும் சமாளிக்கும் அளவுக்குப் பேச முடியுமா?

பதில்: முடியும், ஆனால் 'கேட்டு' என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கேட்பதைப் போல ஓடவிட்டால், ஆறு வாரம் கழித்து அந்த மொழி பழகிய ஓசையாகக் காதில் விழுமே தவிர, வாயில் ஒரு வாக்கியமும் வராது. பாடத்தில் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் விடப்படும் இடைவெளியில், சரியோ தவறோ, பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். விடை நினைவுக்கு வராமல் திணறும் அந்த மூன்று நான்கு விநாடிகளில்தான் சொல் மனத்தில் படிகிறது. பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள் என்று இடைவெளியை ஏறக்குறைய ஐந்து மடங்காக நீட்டிக்கொண்டே சென்று நினைவுகூரச் செய்யும் முறையை முன்வைத்தார். அவர் பெயரில் விற்பனையாகும் அரை மணி நேரப் பாடங்கள் இந்த அடிப்படையில் அமைந்தவையே. எனவே நாளொன்றுக்கு ஒரு பாடம் போதும். வாரம் முழுவதும் விட்டுவிட்டு, விடுமுறை நாளில் ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் முடிப்பதால் பயனில்லை.

கேள்வி: பிம்ஸ்லர், மிஷெல் தாமஸ், அசிமில் ஆகிய மூன்று ஒலிப்பாடங்களில் எதை வாங்கலாம்?

பதில்: ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் முதல் இரண்டில் ஒன்று. மிஷெல் தாமஸின் பாடத்தில் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். மூன்றாம் மாணவராக நாமும் சேர்ந்துகொள்ள வேண்டும். மனப்பாடமோ வீட்டுப்பாடமோ கிடையாது. 'எனக்கு வேண்டும்', 'என்னால் முடியும்' போன்ற வினைகளைக் கொண்டு வாக்கியங்களைக் கட்டக் கற்றுத்தருகிறார். அந்த மாணவர்களின் தவறுகள் சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கும். எனக்கு எரிச்சல்தான். 1929-இல் தொடங்கிய அசிமில், நூலையும் ஒலிப்பதிவையும் இணைத்து, முதல் ஐம்பது பாடங்கள் வரை வெறுமனே உள்வாங்கச் சொல்லிவிட்டுப் பிறகே பேசவைக்கும். நல்ல முறை, ஆனால் ஆறேழு மாதம் கையில் உள்ளவர்களுக்கானது.

கேள்வி: கேட்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்கிறேன். இது சரியா?

பதில்: வேண்டாம். பிரெஞ்சில் மீனும் பானமும் முதல் மெய்யில் மட்டுமே வேறுபடும் இரு சொற்கள். மீனுக்கு வல்லொலிப் பகரம், பானத்துக்கு 'பஸ்' என்பதில் வரும் மென்மையான பகரம். தமிழில் எழுதினால் இரண்டும் 'புவாஸோன்' ஆகிவிடும். உணவகத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்துப் படித்தால் எது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. இந்தப் பத்தியில் தமிழ் எழுத்தில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. தனிச்சொற்களில் ஐயம் வந்தால், தாய்மொழியாளர்கள் உச்சரித்துப் பதிவுசெய்த ஃபோர்வோ தளத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

எழுத்து கைகொடுக்காவிட்டாலும் நம் பேச்சு கைகொடுக்கும். 'மரம்', 'பணம்' என்று இயல்பாகப் பேசும்போது கடைசி மகரத்துக்கு நாம் உதடுகளை மூடுவதில்லை. உயிரொலி மூக்கில் கரைந்து முடிகிறது. பிறர் பலரும் மாதக்கணக்கில் போராடும் பிரெஞ்சு மூக்கொலி உயிர்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். 'போன்ஜூர்' என்பதன் முதல் அசையை 'ன்' என்று நாக்கால் தட்டி முடிக்காமல், 'பணம்' முடிவதைப் போல முடித்துப் பாருங்கள். தொண்டையில் உரசும் ரகரத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அது இல்லாமலும் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டாமே?

பதில்: உண்டு. பயணி எல்லாரிடமும் 'வூ', அதாவது 'நீங்கள்', என்றே பேசலாம். அதைவிட முக்கியமானது, கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்வது. வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள்.

கேள்வி: வானொலிச் செய்தி கேட்டால் காது பழகுமா?

பதில்: ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடமே வரும்; எழுத்து வடிவமும் கிடைக்கிறது. எனினும் 'எளிய' என்பது ஏற்கெனவே ஓரளவு கற்றவருக்கான அளவுகோல். உங்கள் ஆறு வாரத்தில் அதற்கு இடமில்லை.

கேள்வி: சென்ற முறை பாடத்தில் கற்ற கேள்விகளைச் சரியாகக் கேட்டேன். பதில்தான் ஒன்றும் புரியவில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் மீது தவறில்லை, பெரும்பாலான பயணப் பாடங்கள் நாம் சொல்ல வேண்டியதைக் கற்பிக்கும் அளவுக்கு, நமக்குச் சொல்லப்படப்போவதைக் கற்பிப்பதில்லை. லியோன் நகரில் ஒருவரிடம் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டேன். அவர் சொன்னதில் 'த்ருவா' மட்டும் காதில் நின்றது. வலப்பக்கம் என்று எண்ணித் திரும்பிக் கால் மணி நேரம் நடந்தேன். அவர் சொன்னது 'தூ த்ருவா', நேராகப் போங்கள் என்று பொருள். வலப்பக்கம் என்றால் 'ஆ த்ருவாத்' என்று இறுதியில் தகர மெய் ஒலித்திருக்கும். ஒரே ஒரு மெய்யெழுத்தில் வழி மாறிவிட்டது.

விலையிலும் இதே கண்ணி உண்டு. இரண்டு யூரோ 'தெஸ் எரோ' என்பதைப் போலவும், பன்னிரண்டு யூரோ 'தூஸ் எரோ' என்பதைப் போலவும் ஒலிக்கும். தனியே சொன்னால் இரண்டு என்பதில் 'ஸ்' இல்லை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் அடுத்து வருவதால் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், யூரோவோடும் மணியோடும் சேர்த்தே கேட்டுப் பழகுங்கள். பிரான்சில் எழுபது 'அறுபது-பத்து', எண்பது 'நான்கு-இருபது', தொண்ணூறு 'நான்கு-இருபது-பத்து' என்ற அமைப்பில் வருவதால், 'அறுபது' என்று காதில் விழுந்ததும் பணத்தை எடுத்து நீட்டிவிடாமல் சொல் முடியும் வரை காத்திருங்கள். பெல்ஜியத்துக்கும் போகிறீர்கள் என்றால் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் அங்கே தனிச்சொற்களே உண்டு.

கடைசி இரண்டு வாரங்களில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம். கடைக்காரர் கேட்கும் 'வேறு ஏதாவது?', 'இங்கேயே சாப்பிடுகிறீர்களா, எடுத்துச் செல்கிறீர்களா?', 'கார்டா?' போன்ற பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை, பிரெஞ்சு அறிந்த ஒருவரிடம் இயல்பான வேகத்தில் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்து, வரிசையை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உடனே வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். புரியாததற்கு 'வூ பூவே ரெப்பெத்தே, சில் வூ ப்லே?' என்று மறுபடி சொல்லக் கேட்பதையும் அந்தப் பதில்களில் ஒன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.