சங்கத்தில் சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டுக்கு எம்.எஸ். படிக்க வருகிறாய், ரொம்ப சந்தோஷம். ஏழு கேள்வி கேட்டிருக்கிறாய். அதில் ஐந்தாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "அக்கா, அட்மிஷன் வந்ததிலிருந்து மாணவர் அமைப்புகளைப் பற்றி மெயில் வந்துகொண்டே இருக்கிறது. கறுப்பின மாணவர் சங்கம், லத்தீன் மாணவர் சங்கம், தன்பாலீர்ப்பாளர், திருநர் குழு, அகதிகளுக்கான குழு என்று என்னென்னவோ. எதிலாவது சேரலாமா? ஒரு சீனியர், 'இந்தியன் அசோசியேஷனைத் தவிர வேறு எந்தப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதே, விசா போய்விடும்' என்கிறார்" என்று எழுதியிருந்தாய்.

வாடகை, பாங்க் அக்கவுண்ட், போன் சிம் எல்லாம் வந்து இரண்டு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். ஸ்வெட்டரை மட்டும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. அந்த ஊரில் ஆகஸ்ட் மாதம்தான் பனிமூட்டமும் கடல் காற்றும் எலும்பைத் தொடும். வேலை என்றால் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், அவ்வளவுதான். வெளியே யாராவது கடையில் கைக்காசு தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதே.

சரி, சங்கத்துக்கு வருவோம். உன் சீனியர் சொன்னதில் பாதி உண்மை. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேரின் விசாவை ரத்து செய்தார்கள், மாணவர் பதிவையும் அழித்தார்கள். சிலர் போராட்டங்களில் நின்றவர்கள். பலர் எப்போதோ வண்டியை வேகமாக ஓட்டி மாட்டியது மாதிரியான சின்ன விஷயங்களுக்காக. கோர்ட் தலையிட்ட பிறகு பதிவுகள் பலருக்குத் திரும்பக் கிடைத்தன. ஆனால் அந்த வாரங்களில் என் வீட்டு ஹாலில் இரண்டு பையன்கள் விடிய விடிய போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் பயப்படாதே என்று உன்னிடம் நான் சும்மா சொல்லிவிட மாட்டேன்.

நான் சொல்வது இதுதான். கூட்டத்துக்குப் போ, பேசு, பதாகை எழுது, நோட்டீஸ் கொடு. கட்டிடத்துக்குள் உட்கார்ந்து கதவை அடைப்பது, கூடாரம் போட்டுத் தங்குவது, இதில் நீ இருக்கக் கூடாது. 2024 ஆகஸ்டிலிருந்து, உன் பல்கலைக்கழகமும் சேர்ந்த கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வளாகங்கள் எல்லாவற்றிலும் கூடாரத்துக்குத் தடை இருக்கிறது. போலீஸ் மைக்கில் 'கலைந்து போங்கள்' என்று சொல்வதற்கு முன்னாலேயே நீ பஸ் ஸ்டாப்பில் இருக்க வேண்டும். உன்கூட நிற்கும் அமெரிக்கப் பிள்ளையைக் கைது செய்தால் மறுநாள் அவன் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவாள். உனக்கு வழக்கே நிற்காவிட்டாலும் கைது என்ற ஒரு வரி போதும், விசாவில் கைவைக்க. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் நம்பரைப் போனில் வைத்திருப்பதோடு, ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிச் சட்டைப்பையில் வை.

இன்னொன்றையும் பார். நல்ல அமைப்பாக இருந்தால் அவர்களே உன்னிடம் 'நீ எந்த விசா?' என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுப்பது, சமைப்பது, கணக்கு எழுதுவது மாதிரி பின்வரிசை வேலையாகக் கொடுப்பார்கள். கேட்காமலேயே உன்னை முன்வரிசையில் நிறுத்துகிறவர்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் நம்பாதே. அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். போட்டோவுக்குப் பழுப்பு முகம் ஒன்று வேண்டும் அவர்களுக்கு, அவ்வளவுதான்.

இவ்வளவு எச்சரிக்கையும் சொன்ன பிறகும் போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. நீ எந்த மண்ணில் கால் வைக்கப் போகிறாய் என்று உன் சீனியருக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை. முனி என்கிற நகர ரயிலில் எம் லைன் ஏறி, பத்தொன்பதாவது அவென்யூவும் ஹாலோவேயும் சந்திக்கும் இடத்தில் இறங்குவாய் இல்லையா, அதே வளாகத்தில் 1968 நவம்பர் 6-ஆம் தேதி மாணவர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்தார்கள். கறுப்பின மாணவர் சங்கமும், லத்தீன், சீன, ஃபிலிப்பினோ, ஜப்பானியப் பிள்ளைகள் சேர்ந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் கைகோர்த்து நடத்தியது. மொத்தம் 15 கோரிக்கை. எங்கள் மக்களின் வரலாறு ஏன் பாடத்தில் இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இடம் இல்லை என்பதுதான் சாரம். அடுத்த மாதம் கல்லூரித் தலைவர் ஹயகாவா மாணவர்கள் ஒலிபெருக்கி கட்டிய வண்டிமேல் தானே ஏறி வயரைப் பிடுங்கிப் போட்டார். ஜனவரியில் ஒரே நாளில் 400 பேருக்கு மேல் கைதானார்கள். அப்படியும் 1969 மார்ச் வரை, நாலரை மாதம், விடாமல் நின்றார்கள். அதனால்தான் அங்கே எத்னிக் ஸ்டடீஸ், அதாவது இந்த மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் படிக்கும் படிப்பு, அதற்கென்று ஒரு தனிக் கல்லூரியே வந்தது. அந்தப் பாடம் இன்று நாடு முழுக்க இருக்கிறது. 'ஏஷியன் அமெரிக்கன்' என்ற சொல்லே 1968-இல் பக்கத்து ஊர் பெர்க்கிலியில் மாணவர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்த பெயரிலிருந்து வந்ததுதான். இங்கே வந்தபிறகு எந்தப் படிவத்திலும் 'ஏஷியன்' கட்டத்தில் நீ டிக் போடும்போது இதை நினைத்துக்கொள்.

எனக்கு ஆறாத ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஃப்ரிமாண்டில் நம் ஆட்கள் கூடும் எந்த விருந்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், 'நாம் மெரிட்டில் வந்தோம், இவர்கள்தான் கொடி பிடித்துக்கொண்டு அலைகிறார்கள்' என்று ஆரம்பிப்பார். 1965-க்கு முன்னால் இந்தியாவுக்கு இந்த நாடு ஒதுக்கியது வருடத்துக்கு 100 பேர். கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வாங்கினார்கள். அந்த அலையில்தான் மறுவருடம் குடியேற்றச் சட்டம் மாறியது, நமக்குக் கதவு திறந்தது. மெரிட் நம்மிடம் அதற்கு முன்பும் இருந்ததே, ஏன் வர முடியவில்லை? நம்மவர்கள் அரசியல் பக்கம் போனதே இல்லை என்பதும் பொய். பெர்க்கிலிக்குப் படிக்க வந்த கர்தார் சிங் சராபா, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 1913-இல் வெளிவந்த, வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த 'கதர்' (கிளர்ச்சி என்று பொருள்) பத்திரிகையில் வேலை பார்த்த பையன். 1915-இல் லாகூரில் தூக்கில் போட்டபோது அவனுக்கு 19 வயது. உன்னைவிடச் சின்னவன்.

நான் வந்தது 2003 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவிலேயே வேறொரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பெண்கள், என் பங்கு 275 டாலர். நமக்குத்தான் ஊர்க்காரர்கள் கிடைத்துவிட்டார்களே என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருத்தி கேட்டாள், "உனக்கு எந்த ஊர்?" ராஜபாளையம் பக்கம் என்றேன். "ராஜபாளையத்தில் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்?" சொன்னேன். "உங்களுக்குக் குலதெய்வம் எது?" அதையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் குக்கர், வாணலி, கரண்டி எல்லாவற்றின் கைப்பிடியிலும் பச்சை டேப் சுற்றியிருந்தது. என் தட்டிலும் டம்ளரிலும் மட்டும் இல்லை. எதற்கு என்று கேட்டேன். "மாறிப்போயிடக் கூடாதில்லையா" என்றாள், அவ்வளவு சாதாரணமாக.

அக்டோபரில், கசின் வருகிறாள், வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. புகார் செய்யலாம் என்று அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்மணி நல்லவர்தான், டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார், படிவம் ஒன்று கொடுத்தார். இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம் என்று வரிசையாகக் கட்டங்கள். "அவர்களும் இந்தியர், நீயும் இந்தியர். ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மொழி. எதில் டிக் போடுவது?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கு அப்போது ஆங்கிலமும் அந்த அளவுக்கு வரவில்லை. படிவத்தை வெறுமையாகவே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது லேபில் பக்கத்தில் உட்காரும் ஒரு மெக்சிகோ வழிப் பெண். சிகானோ, அதாவது மெக்சிகோ வழி அமெரிக்க மாணவர்களின் மெச்சா என்ற சங்கத்தில் இருந்தாள். அவள் வீட்டு சோபாவில் பதினோரு நாள் தூங்கினேன். அவள் அம்மா ஓட்டலில் அறை துடைக்கும் வேலை செய்தவர், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் இரவு என் பையிலிருந்து அரிசியை எடுத்துக் காட்டினேன். பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்த ஒரே பெரிய பானையைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, என் கையில் கொடுத்து அடுப்பைக் காட்டினார். நான் அந்த அடுப்படியில் நின்று அழுதது எதற்கென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் இரண்டு வருடம் அந்தச் சங்கத்தில்தான் இருந்தேன். சனிக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்போம், பெற்றோர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். மைக் பிடித்துப் பேசக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இன்று ஆபீஸில் முப்பது பேருக்கு முன்னால் நடுங்காமல் பேசுகிறேன் என்றால் அந்தப் பழக்கம். வட்டமாக உட்கார்ந்து பெயரையும், தன்னை ஆண்பாலிலா பெண்பாலிலா எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதையும் சொல்லச் சொல்வார்கள். நம்மவர்கள் பலருக்கு அது கூச்சமாக இருக்கும். நம் தமிழில்தான் ஆணா பெண்ணா என்று கேட்காத 'அவர்' இருக்கிறதே, இதில் நமக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தோன்றும்.

இந்தியன் அசோசியேஷனையும் ஒதுக்காதே. பொங்கலுக்குப் போ, ஏர்போர்ட்டில் அழைத்துப் போக வருவார்கள், அந்த உதவி பெரிய உதவி. அதிலேயே நின்றுவிடாதே என்பதுதான் என் கவலை. நாலு வருடம் இருந்தும் ஒரு கறுப்பினப் பிள்ளையின் வீட்டில் ஒருவேளை சாப்பிடாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

நான் வெறுமையாக விட்டுவந்த படிவத்துக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் கால் ஸ்டேட் மாணவர் சங்கம், அப்போதிருந்த 23 வளாகங்கள் எல்லாவற்றின் சார்பிலும், பாகுபாட்டு விதிகளில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஈஸ்ட் பே வளாகத்தில் சோஷியல் ஒர்க் படித்த நேபாளத்து தலித் மாணவர். கூட நின்றவர்களில் சாதி என்றால் என்னவென்றே அதற்கு முன் கேள்விப்படாத பிள்ளைகள் எத்தனையோ பேர். எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நம் நாட்டுப் பேராசிரியர்கள் இருந்தார்கள். 2022 ஜனவரியில் விதி மாறியது. இனம் என்ற கட்டத்துக்குள் நிறம், சாதி, வம்சாவளி என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் செய்தியை ஆபீஸ் கார் பார்க்கிங்கில் போனில் படித்தேன். அந்த ஒரு சொல்லை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மறுவருடம் சியாட்டில் நகரம் சட்டமே போட்டது. கலிஃபோர்னியா மாநிலத்துக்கும் ஒரு மசோதா வந்து, இரண்டு சபையிலும் நிறைவேறி, இப்போதுள்ள சட்டத்திலேயே இது அடங்கும் என்று சொல்லி கவர்னர் நியூசம் 2023 அக்டோபரில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்த மசோதாவுக்காக நான் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போய் வரிசையில் நின்றேன், எனக்குக் குடியுரிமை இருக்கிறது, நிற்கலாம். நீ படிக்கப் போகும் இடத்தில் அந்தச் சொல் விதியில் இருக்கிறது. யாராவது உன்னிடம் குலதெய்வம் கேட்டால், அல்லது உன் ரூமில் வேறு யாரிடமாவது கேட்டால், போய்ச் சொல்ல இடம் இருக்கிறது.

குக்கர் எத்தனை லிட்டர் என்று கேட்டிருந்தாய். ரூமில் நாலு பேர் என்கிறாய், ஐந்து லிட்டராக எடுத்துவா, எல்லாருக்கும் ஆகும். கேஸ்கட் இரண்டு கூடுதலாக வை, இங்கே அந்த அளவு சுலபத்தில் கிடைக்காது.